உடையாம வருமுங்களா?

போனை எடுத்ததும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். "ஏனுங்க, செவுத்துல ஒட்டுன பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்குதுங்க. கழட்டோணும். உடையாம வருமுங்களா?"

பதிலுக்கு நானும் கேட்பேன். யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது, எதன் மேல் ஒட்டியது? முதல் இரண்டுக்கும் அநேகமாகப் பதில் வராது. வீடு வாங்கும்போதே இருந்தது என்பார்கள். இல்லையென்றால், அலமாரி செய்ய வந்த கார்ப்பென்டர் வேலையோடு வேலையாக ஒட்டிவிட்டுப் போனார் என்பார்கள். மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பு வரும். "செவுத்து மேலதானுங்க!"

எனக்கு வேண்டிய விவரம் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. சுவர் என்றால் வெறும் சிமென்ட் பூச்சா? பூச்சின்மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்ததா? பழைய சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா? பாத்ரூம் டைல்ஸா? பிளைவுட் அடித்து அதன்மேல் ஒட்டியதா? இது தெரிந்தால் கண்ணாடியைப் பார்க்காமலேயே பாதி விடை சொல்லிவிடலாம். பட்டியின்மேல் ஒட்டியதென்றால் கண்ணாடி முழுசாக வர நல்ல வாய்ப்பு உண்டு, சுவர் கெடும். டைல்ஸ் மேல் என்றால் இரண்டில் ஒன்று போகும். பிளைவுட் மேல் ரப்பர் பசையை முழுக்கத் தடவி ஒட்டியிருந்தால், "உடைச்சுத்தானுங்க எடுக்கோணும்" என்று போனிலேயே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னதும் சிலர் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

கோயம்புத்தூரில் கண்ணாடிக் கடை வேலை எனக்கு. அளந்து, வெட்டி, மாட்டிக் கொடுப்பதுதான் தொழில். கழற்றுவது இடையில் வந்து சேர்ந்துகொண்டது. மாட்டத் தெரிந்தவன் கழற்றவும் தெரிந்தவன் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு வேலை. மாட்டும்போது எல்லாமே கண்ணெதிரே இருக்கும். கழற்றும்போது வேண்டியது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் பெரிய கண்ணாடியை யாரும் சுவரில் ஒட்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடிகளைப் பாருங்கள். கனத்த மரச்சட்டத்துக்குள் உட்கார்ந்து, கொக்கியிலோ ஆணியிலோ கொஞ்சம் முன்சாய்ந்தபடி தொங்கும். அந்த வீடுகள் பல கைமாறின, சில இடிபட்டன. கண்ணாடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள், வந்துவிட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரசம் போன ஓரங்களோடு அவை இன்னும் விலைக்கு நிற்பதற்குக் காரணம், அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள் என்பதுதான். அதற்குப் பிந்தைய காலத்தில் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, மேலே பளபளவென்று ஒரு மூடி. நான் தொழில் கற்றுக்கொண்ட நாளில் அதுதான் வழக்கம். மூடியைத் திருகினால் ஸ்க்ரூ தெரியும், ஸ்க்ரூவைத் திருகினால் கண்ணாடி கையில் இருக்கும்.

கதை மாறியதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கண்ணாடியே பெரிதாயிற்று. உருகிய தகரத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்தது. மிதவைக் கண்ணாடி என்பது அதுதான். 2000-இல் செயின்ட் கோபைன் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை போட்டபின், அலை இல்லாத பெரிய தகடுகள் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. இரண்டாவது, துப்பாக்கியில் போட்டு அழுத்தும் சிலிக்கான் டியூப். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், ஓட்டை போட வேண்டாம், சட்டம் வேண்டாம். சின்ன ஹாலைப் பெரிதாகக் காட்ட ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜிம், பியூட்டி பார்லர், நடன வகுப்பு, மாஸ்டர் பெட்ரூம் எங்கும் அதே. ஒட்டுகிறவருக்கு அரைமணி நேர வேலை. பத்து வருடம் கழித்து அதைக் கழற்ற வருகிறவன் ஒருவன் இருப்பான் என்ற நினைப்பு மட்டும் அந்த அரைமணியில் வருவதில்லை.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி இரண்டரை கிலோ. ஆறுக்கு நான்கு அடி, 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 28 கிலோ. ஜிம்களில் வைக்கும் எட்டுக்கு நான்கு, 6 மில்லிமீட்டர் தகடு 45 கிலோவை நெருங்கும். 28 கிலோ அரிசி மூட்டையை ஒருவர் தூக்கிவிடலாம். கண்ணாடியில் பிடிக்க இடமில்லை. ஓரம் கையை அறுக்கும், முகம் வியர்வையில் வழுக்கும். அதுவும் சாதாரண முகக்கண்ணாடி டஃபன்டு கிடையாது. டஃபன்டு உடைந்தால் கல்கண்டுத் தூளாகச் சிதறும். இது உடைந்தால் நீள நீளமாக, முனை கூராக, நேர் கீழே இறங்கும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு கொஞ்சம் பொறுத்து விழும். கை கீழே இருக்கும்போது விழும்.

அதனால் என்னோடு வருகிற தம்பிகளுக்குச் சட்டம் ஒன்று உண்டு. செருப்போடு யாரும் நிற்கக் கூடாது, மூடிய ஷூ வேண்டும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டையும் மறைக்கிற தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வெயில் காலத்தில் ஃபேனையும் நிறுத்திவிட்டு இத்தனையும் போட்டுக்கொண்டு நிற்பது கொடுமைதான். முணுமுணுப்பார்கள். நான் காதில் வாங்குவதில்லை. வீட்டுக் குழந்தைகள், நாய், வேடிக்கை பார்க்கிற மாமனார் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். மாமனார்தான் சிரமம். பக்கத்தில் நின்று யோசனை சொல்லாவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

இனி உளவு வேலை. கண்ணாடியைத் தொடுவதற்குமுன் டார்ச்சை ஓரத்தோடு ஓரமாக வைத்து நான்கு பக்கமும் பார்ப்பேன். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலையோ ஹாக்ஸா பிளேடையோ உள்ளே விட்டு நகர்த்துவேன். எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே பசை. பென்சிலால் கண்ணாடி முகத்தில் எழுத முடியாது, மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்வேன். நடுப்பகுதிக்கு ஸ்கேல் எட்டாது. அங்கே விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். பசை இல்லாத இடம் கலகலக்கும், பசை உள்ள இடம் மந்தமாகப் பேசும்.

சில வீடுகளில் இந்தத் தட்டலே தேவைப்படாது. கண்ணாடியே வரைபடம் காட்டும். சிலிக்கானில் இரண்டு வகை. ஒன்று பிதுக்கும்போதே வினிகர் நெடி அடிக்கும். காயும்போது அமிலம் விடுகிற வகை அது. விலை குறைவு. கண்ணாடியின் முதுகில் வெள்ளி, அதைக் காக்கப் பெயின்ட், பல கண்ணாடிகளில் இரண்டுக்கும் நடுவே செம்பு, இப்படி அடுக்கடுக்காக இருக்கும். அந்த அமிலம் பெயின்டைத் தாண்டி உள்ளே இறங்கினால் சில வருடங்களில் முன்பக்கம் கருப்பும் பழுப்புமாகத் திட்டுகள் தெரியும். வீட்டுக்காரர் உப்புத்தண்ணீரில் துடைத்ததால் வந்த கறை என்று வேலைக்காரம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டு இருக்கும் இடமெல்லாம் பசை வைத்த இடம். பாவம், அந்த அம்மாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெடியில்லாத நியூட்ரல் சிலிக்கான்தான் கண்ணாடிக்கு வாங்க வேண்டியது. டியூப்பின் மேலேயே எழுதியிருக்கும். படிப்பவர்கள் குறைவு.

பசை என்னவென்று தெரிந்தால்தான் ஆயுதம் எதுவென்று முடிவாகும். ஹேர் டிரையரை வைத்துச் சூடு காட்டினால் கண்ணாடி வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதி உண்மை. டபுள் சைடு டேப்பும், கார்ப்பென்டர்கள் பயன்படுத்துகிற மஞ்சள் ரப்பர் பசையும் சூட்டில் இளகும். சிலிக்கான் இளகாது. 200 டிகிரி வரை தாங்குகிற பொருளுக்கு ஹேர் டிரையர் எந்த மூலைக்கு? சூட்டைக் கூட்டுகிறேன் என்று ஹாட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் சிலிக்கானுக்குமுன் கண்ணாடி விரிசல் விடும். ஒரு பகுதி சூடாகி விரியும், பக்கத்துப் பகுதி குளிர்ந்தபடி விரிய மறுக்கும், நடுவில் படாரென்று கோடு ஓடும். டேப், ரப்பர் பசை என்றால் டிரையரை ஆட்டி ஆட்டிப் பரவலாகக் காட்டலாம். பொறுமை வேண்டும். சிலிக்கான் என்றால் அறுப்பதுதான் வழி.

அறுப்பதற்குக் கம்பி. கார் முன்கண்ணாடி மாற்றுகிற கடைகளில் கிடைக்கும் முறுக்குக் கம்பி நல்லது. அவசரத்துக்கு கிட்டார் கம்பியும் போதும். இரண்டு முனையிலும் மரக்கட்டை கட்டி, கண்ணாடியின் பின்னால் விட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ரம்பம்போல இழுக்க வேண்டும். சொல்ல எளிது. கம்பி சூடேறும், அறுந்து முகத்தை நோக்கி வரும், ஆள் மாறி ஆள் தோள் வலிக்கும். சிலிக்கான் கட்டி ஒன்று அறுந்துவிட்டால் இழுவை திடீரென்று லேசாகும். அப்போது நிறுத்தி, அந்த இடத்தில் மெல்லிய மூங்கில் சீவலைச் செருகிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். சீவல் மெல்லியதாகவே இருக்க வேண்டும். ஆப்பு கனத்தால் அதுவே நெம்பிக் கண்ணாடியை உடைத்துவிடும்.

இழுப்பதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு, அவசரக்காரர்கள் தவறாமல் விட்டுவிடுவது. கண்ணாடிக்கு நேர் கீழே சுவரில் ஒரு ரீப்பரை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, கண்ணாடி அதன்மேல் உட்காரும்படி செய்ய வேண்டும். மேலே இரண்டு மூலையிலும் எல் கிளிப் இரண்டை, கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் அடித்துவிட வேண்டும். பசை எல்லாம் விட்டுப்போன நொடியில் கண்ணாடி கீழே வழுக்கவும் முடியாது, முன்னால் கவிழவும் முடியாது. "செவுத்துல ஓட்ட போடறீங்களே!" என்று வீட்டுக்காரம்மா பதறுவார். கண்ணாடி போனபின் அந்தச் சுவர் எப்படியிருக்கும் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

கண்ணாடி முகத்தில் பிரௌன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதும் இதற்குமுன்பே. டேப் ஒட்டினால் உடையாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. டேப் எதையும் உடையாமல் காப்பதில்லை. உடைந்த துண்டுகளைச் சிதறவிடாமல் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான், அதுவே பெரிய உதவி. ஆனால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்க வாக்கம் கப் வைக்கிற நான்கு இடங்களில் டேப் வரக் கூடாது. கப்பின் ரப்பர் ஓரத்துக்குள் டேப்பின் விளிம்பு மாட்டினால் காற்று மெல்ல உள்ளே போகும், பிடி எப்போது விடும் என்று சொல்ல முடியாது. நான்கு வட்டங்களை விட்டுவிட்டு டேப் ஒட்டி, அந்த வட்டங்களை ஈரத்துணியால் துடைத்துக் கப்பை வைப்போம். தூசி இருந்தாலும் பிடிக்காது.

ஸ்க்ரூ டிரைவரை மூலையில் விட்டு நெம்புவது மட்டும் கூடவே கூடாது. கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில். கட்டரால் வெட்டும்போதே ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். பாலிஷ் போட்ட ஓரத்தில் குறையும், பச்சை வெட்டில் ஏராளம். முகத்தில் உள்ளங்கையால் தட்டினால் தாங்குகிற கண்ணாடி, ஓரத்தில் இரும்பு நுனி பட்டதும் அந்தக் கீறலிலிருந்து பிளக்கும். வீட்டில் தாமாகக் கழற்றப் பார்த்து, பாதியில் என்னைக் கூப்பிடுகிறவர்களின் கண்ணாடியில் விரிசல் எப்போதும் ஏதாவது ஒரு மூலையிலிருந்துதான் கிளம்பியிருக்கும்.

ஜிம்மில் வரிசையாக ஒட்டிய கண்ணாடிகளில் முதலாவதுதான் பாடுபடுத்தும். இடமும் வலமும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், கம்பி விட வழியிருக்காது. எனவே கோடியில் இருப்பதிலிருந்து தொடங்கி, மேலிருந்து கம்பியை இறக்குவோம். அது வந்துவிட்டால் அடுத்ததற்குப் பக்கவாட்டு வழி திறந்துவிடும். மளமளவென்று போகும். அந்த முதல் கண்ணாடிக்காகத்தான் கூலி, மற்றதெல்லாம் இலவசம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பியூட்டி பார்லர்கள் வேறு ரகம். வாடகைக் கட்டடத்தில் கடை போட்டிருப்பார்கள். காலி பண்ணும்போது கண்ணாடி அவர்களுடையது, சுவர் கட்டட உரிமையாளருடையது, நடுவில் இருக்கும் பசை யாருடையது என்பதுதான் தகராறு. சாயிபாபா காலனிப் பக்கம் ஒரு பார்லர். ஏழடிக் கண்ணாடியை டைல்ஸ் மேல் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரம்மாவுக்குக் கண்ணாடி முழுசாக வேண்டும், புதுக் கடைக்குக் கொண்டுபோக. உரிமையாளர் அட்வான்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, டைல்ஸ் ஒண்ணு கீறுனாலும் அட்வான்ஸ்ல புடிச்சுக்குவாராம். பாத்து எடுங்கண்ணா" என்றார் அந்தம்மா.

நான் உரிமையாளரிடம் போனேன். "ஏனுங்க, டைல்ஸ் அடியில கலவை புடிச்சிருக்குதுங்களா, இல்ல பொக்குன்னு இருக்குதுங்களா, தட்டிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் நல்லா இருக்குது. நீங்க உங்க வேலையப் பாருங்க."

கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த டைல்ஸில் பாதி பொக்குச் சத்தம் போட்டது. ஒட்டும்போதே அடியில் கலவை சரியாகப் பரவவில்லை. டைல்ஸின் முகத்தைச் சிலிக்கான் பிடித்திருக்கிற பிடி, டைல்ஸின் முதுகைக் கலவை பிடித்திருக்கிற பிடியைவிடப் பெரிது. கம்பி எவ்வளவு பக்குவமாகப் போனாலும் டைல்ஸ் வரும். இதை வேலைக்குமுன் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டேன். வேலை முடிந்தபின் சொன்னால் அது சாக்கு. டைல்ஸ் இரண்டு வந்தது, கண்ணாடி முழுசாக வந்தது. டைல்ஸ் செலவில் ஆளுக்குப் பாதி என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். கழற்றுகிறவனுக்குக் கம்பியைவிட வாய் முக்கியமான கருவி என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் சொல்வார்.

அழைப்புகளில் கணிசமான பங்கை எனக்குக் கொடுப்பவர்கள் வாஸ்துக்காரர்கள். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி கூடாது, தெற்குச் சுவரில் கூடாது, வடக்கிலோ கிழக்கிலோ வைக்கலாம் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் எனக்கு போன் வரும். வாஸ்து பற்றி எனக்கு அபிப்பிராயம் சொல்லத் தெரியாது, சொன்னால் வருமானம் போகும். ஆனால் இந்த வீடுகளில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கண்ணாடி உடைந்தால் அபசகுனம். தோஷம் போகத்தான் கழற்றுகிறார்கள், கழற்றும்போதே உடைந்தால் என்ன ஆவது? வெள்ளிக்கிழமை வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம் என்று நாள் பார்ப்பார்கள். உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிற நிலை வந்தால் நான் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன். அவர் வீட்டிலிருக்கிற பெண்களைக் கோயிலுக்கு அனுப்பிவைப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் முடித்து, அள்ளி, துடைத்துவிட்டிருப்போம்.

உடைப்பதிலும் முறை இருக்கிறது. முகம் முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, மேல் மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழேயிருந்து உடைத்தால் ஆதாரம் போன மேல்துண்டு மொத்தமாக இறங்கும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, உடைந்த துண்டை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. தரையில் தார்ப்பாய், அதன்மேல் சாக்கு. டைல்ஸ் தரையில் நேராகத் துண்டு விழுந்தால் தரையும் கீறும். அறையில் ஏசி ஓடினால் நிறுத்த வேண்டும். சிலாம்பு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை ஒட்டி விளக்குப் பாயின்ட் இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை அணைக்காமல் கை வைப்பதே இல்லை. பின்னால் வயர் எந்த வழியாகப் போகிறதென்று எந்த வீட்டுக்காரருக்கும் நினைவிருக்காது.

கண்ணாடி வந்தபின் தெரிகிற சுவர் தனிக் கதை. பல்லி முட்டைகள் கட்டாயம் இருக்கும். முந்தைய குடித்தனக்காரர் அடித்த ரோஸ் கலரோ பச்சையோ ஒரு சதுரம் தெரியும். கொத்தனார் பென்சிலால் போட்ட கணக்கு இருக்கும். வேண்டாத ஸ்விட்ச் பெட்டியைக் கண்ணாடியால் மூடி வைத்திருப்பார்கள், வயர் முனையில் டேப்கூடச் சுற்றாமல். அடிக்கடி பார்ப்பது ஓதம். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் கசிந்து பட்டி பொரிந்து நிற்கும், அதை மறைக்கக் கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள். பொரிந்த பட்டியின்மேல் பிடித்திருப்பது பிடிப்பே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடி இத்தனை நாள் நின்றதே ஓரத்துப் பெயின்டின் தயவில்தான். மழைக்காலத்தில் நடுராத்திரி தானாக விழுந்த கண்ணாடிகளுக்கு நான் கேள்விப்பட்டவரை பெரும்பாலும் இதுதான் காரணம். பேய் இல்லை.

பட்டிச் சுவர் என்றால், கண்ணாடியோடு பட்டியும் தோசை மாதிரி உரிந்து வந்துவிடும். அதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். உண்மையான தொல்லை உரியாமல் சுவரிலேயே நிற்கிற சிலிக்கான். தின்னர் போட்டாலும் அது கரையாது. மேலே பெயின்ட் அடித்தால் பிடிக்காமல் கண்கண்ணாக விலகி நிற்கும். பெயின்டர்கள் இதைப் பார்த்ததும் எங்களைத்தான் சபிப்பார்கள். பிளேடால் செதுக்கி, அடியிலுள்ள பட்டியையும் கொஞ்சம் சேர்த்துச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரைமர், பட்டி, உப்புத்தாள், பிறகு பெயின்ட் என்று போவதே வழி. ரப்பர் பசைக்கு மட்டும் தின்னர் கேட்கும். ஆனால் ஜன்னலைத் திறந்து, சமையலறை அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்துவிட்டுத் தொட வேண்டும். கண்ணாடி கழற்றும் கூலியைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவு பல நேரம் அதைவிட அதிகம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். கண்ணாடி நன்றாக இருந்து, இடம்தான் பிடிக்கவில்லை என்றால், சுற்றி மரச்சட்டம் அடித்து அங்கேயே அழகாக்கிவிடலாமா என்று யோசிக்கச் சொல்வேன். என் வேலை போனாலும் அதுதான் நியாயம்.

முழுசாக வந்த கண்ணாடியைத் தூக்குவதில் ஒரே விதி, படுக்கப் போடக் கூடாது. நிற்கவைத்தே தூக்கி, நிற்கவைத்தே வண்டியில் சாய்க்க வேண்டும். படுக்கவைத்து இரண்டு பக்கம் பிடித்தால் நடுவில் தன் எடைக்குத் தானே வளைந்து உடையும். ஏழடிக் கண்ணாடி அப்பார்ட்மென்ட் லிஃப்டில் பல நேரம் நிற்காது, படிக்கட்டுத் திருப்பங்களை முதலிலேயே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். டாடா ஏஸில் ஏற்றும்போது முகம் உள்பக்கம், முதுகு வெளிப்பக்கம். மத்தியான வெயிலில் முகம் வெளியே இருந்தால் எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில் சூரியனே வந்து விழும்.

திரும்ப மாட்டச் சொன்னால் நான் பசையை மட்டும் நம்பி ஒட்டுவதில்லை. கீழே அலுமினிய யூ சேனல், எடை முழுக்க அதில். மேலே கிளிப். நடுவில் அதிராமல் இருக்க நியூட்ரல் சிலிக்கான் சிறு சிறு பொட்டுகளாக, நெட்டுவாக்கில், காற்றுப் போக இடம் விட்டு. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது விடுவேன். பின்னாளில் ஒருவன் கம்பி விட அது வழி. முதுகில் மார்க்கரால் என்ன பசை, எத்தனை பொட்டு, எந்த வருடம் என்று எழுதியும் வைக்கிறேன். வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உடைந்துபோனதை என்ன செய்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. வெள்ளி இருக்கிறதே, விலைக்குப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் இருக்கும் வெள்ளி ஏறக்குறைய ஒரு கிராம்தான், அதைப் பிரிக்கும் செலவு அதன் விலையைவிட அதிகம். பழைய பேப்பர் கடைக்காரர் பாட்டிலை வாங்கினாலும் இதை வாங்கமாட்டார். முதுகில் பெயின்ட் இருப்பதால் பாட்டிலோடு சேர்த்து உருக்க முடியாது. வேலை எங்களிடம் வந்தால் துண்டுகளை நாங்களே கொண்டுபோய்விடுகிறோம். நீங்களாகக் கழற்றி உடைந்திருந்தால், தயவுசெய்து அதைக் குப்பைப் பைக்குள் போடாதீர்கள். காலையில் வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால்தான் பிரிக்கிறார். துண்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் பிரௌன் டேப் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.